பாலைவனத்துக்கு வந்த பட்டணத்துப் புகை

கலிஃபோர்னியாவின் தென்கிழக்கில் சுமார் 3,200 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா. பாறை, மணல், முள், வெயில். உள்ளே ஆலை கிடையாது, ஹோட்டல் கிடையாது, பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது. தண்ணீரை வெளியிலேயே நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்றுதான் அறிவிப்புப் பலகைகள் சொல்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் காற்று சுத்தமாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? ஆண்டுக்கு சுமார் 30 லட்சம் பேர் நகர நெரிசலிலிருந்து தப்பித்து அங்கே போவதும் அந்த நம்பிக்கையில்தான்.

அளவுக் கருவி வேறு கதை சொல்கிறது. கோடை மாதங்களில் பூங்காவின் காற்றில் உள்ள ஓசோன், அமெரிக்க அரசு தன் குடிமக்களின் உடல்நலத்துக்கென வகுத்திருக்கும் வரம்பை வருடா வருடம் தாண்டுகிறது. அந்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியில் நூறு கோடிக்கு 70 பங்கு. வானத்தின் உச்சியில் இருந்தால் நம்மைப் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கும் அதே ஓசோன், மூக்குக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் நுரையீரலை அரிக்கும். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் ஓசோன் மிக மோசமான இடங்களைப் பட்டியல் போட்டால் முன்வரிசையில் வருவது இந்தப் பாலைவனம். (இந்தியாவின் 2009-ஆம் ஆண்டு விதிப்படி எட்டு மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ 50 பங்கு. காகிதத்தில் நாம்தான் கண்டிப்பு!)

இது ஜோஷுவா ட்ரீயின் தலைவிதி மட்டுமல்ல. 2018-இல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, 1990 முதல் 2014 வரையிலான அளவுகளை எடுத்துக்கொண்டு, அமெரிக்காவின் 33 பெரிய தேசியப் பூங்காக்களையும் 20 பெருநகரங்களையும் ஒப்பிட்டது. சராசரி ஓசோனில் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. பூங்கா என்று வேலி போட்டால் மரத்தை வெட்டாமல் தடுக்கலாம், மானைச் சுடாமல் தடுக்கலாம். காற்றுக்கு வேலி ஏது?

மேற்கே ஒரு வாசல்

பூங்காவுக்கு மேற்கே, கார் பயணத்தில் சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் லாஸ் ஏஞ்சலஸ். அந்த நகரமும் அதன் புறநகர்களும் மலைகளுக்கு நடுவே ஒரு தட்டில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பக்கம் பசிபிக் கடல். மறுபக்கம் சுவர்போல மலைத்தொடர். அந்தச் சுவரில் பெரிய இடைவெளி ஒன்று உண்டு: 3,500 மீட்டர் உயரமுள்ள சான் கோர்கோனியோ சிகரத்துக்கும் 3,300 மீட்டர் உயரமுள்ள சான் ஹசின்டோ சிகரத்துக்கும் நடுவே உள்ள கணவாய். நாகர்கோவில் போகும் வழியில் ஆரல்வாய்மொழியைப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. அதே மாதிரி ஒடுங்கிய வாசல், அதே மாதிரி ஓயாத காற்று, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அதே மாதிரி காற்றாலைகள்.

கோடையில் பாலைவனத் தரை கொதிக்கிறது. மேலே எழும்பும் சூடான காற்றின் இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே இழுபடுகிறது. நகரத்தின் மேல் காலையில் சேர்ந்த புகையை அது அள்ளிக்கொண்டு கிழக்கே நகர்ந்து, பிற்பகலில் கணவாயைத் தாண்டி கோச்செல்லா பள்ளத்தாக்கில் இறங்குகிறது. வடக்கே கஹோன் கணவாய் வழியாக இன்னொரு கிளை மொஹாவி பாலைவனத்துக்குப் போகிறது. ஜோஷுவா ட்ரீ இந்த இரண்டுக்கும் கிழக்கே நிற்கிறது. அதனால்தான் நகரத்தில் ஓசோன் உச்சம் தொட்டுச் சில மணி நேரம் கழித்து, மாலை நெருங்கும் வேளையில், பூங்காவின் கருவிகளில் முள் ஏறுகிறது.

புகை எங்கிருந்து? லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் ஆகிய இரட்டைத் துறைமுகங்கள் வழியாகத்தான் அமெரிக்கா இறக்குமதி செய்யும் கண்டெய்னர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வருகிறது. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகள் லாரியிலும் ரயிலிலும் ஏறி, சான் பெர்னார்டினோ, ரிவர்சைடு மாவட்டங்களின் கிடங்குகளுக்குப் போகின்றன. இணையத்தில் பொத்தானை அழுத்தினால் மறுநாள் வாசலில் பொருள் வந்து நிற்பதற்காகக் கட்டப்பட்ட குடோன்கள். அவற்றின் மொத்தப் பரப்பு சுமார் நூறு கோடி சதுர அடி என்கிறார்கள். ஒவ்வொன்றையும் சுற்றி டீசல் லாரிகள். சான் பெர்னார்டினோ மாவட்டம் அமெரிக்க நுரையீரல் சங்கத்தின் ஓசோன் பட்டியலில் வருடா வருடம் கடைசி இடத்துக்குப் போட்டி போடுவது தற்செயல் அல்ல.

இந்த இரு மாவட்டங்களுக்கும் பூங்காவுக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. மினர்வா ஹாய்ட் என்ற பெண்மணியின் விடாப்பிடியான முயற்சியால் 1936-இல் அதிபர் ரூஸ்வெல்ட் இந்தப் பாலைவனத்தைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 1950-இல் நாடாளுமன்றம் அதன் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியைச் சுரங்கங்களுக்காக வெட்டி எடுத்துவிட்டது. அப்படி வெளியே போன ஈகிள் மவுன்டனில் தோண்டிய இரும்புத் தாது, ஃபான்டானா நகரத்தின் கைசர் எஃகு ஆலைக்கு ரயிலில் போனது. 1980களின் தொடக்கத்தில் ஆலையும் சுரங்கமும் மூடப்பட்டன. சுரங்கக் குழி காலியாகக் கிடக்கிறதே, லாஸ் ஏஞ்சலஸின் குப்பையை ரயிலில் கொண்டுவந்து கொட்டினால் என்ன என்று அடுத்த யோசனை. பல வருட வழக்குகளுக்குப் பிறகு 2013-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. குப்பைக்கு ரயில் வேண்டும், உரிமம் வேண்டும். அதனால் கோர்ட்டில் நிறுத்த முடிந்தது. இன்று எஃகு ஆலை இருந்த ஃபான்டானாவில் குடோன்கள் நிற்கின்றன. அங்கிருந்து கிளம்பும் புகைக்கு எந்த உரிமமும் தேவையில்லை.

அன்னாசிப்பழமும் ரப்பர் துண்டும்

லாரிப் புகை ஓசோனாக மாறுகிறது என்பது இன்று பள்ளிப் பாடம். 1940களில் யாருக்கும் தெரியாது. 1943 கோடையில் லாஸ் ஏஞ்சலஸை ஒரு மூட்டம் மூடியது. கண் எரிந்தது, தொண்டை கமறியது. போர்க்காலம் என்பதால் எதிரியின் விஷவாயு என்றுகூடப் பேச்சு கிளம்பியதாகச் சொல்வார்கள். பழியை ஒரு ரப்பர் தொழிற்சாலையின் மீது போட்டு அதை நிறுத்திப் பார்த்தார்கள். மூட்டம் போகவில்லை.

விடையைக் கண்டுபிடித்தவர் ஆரீ ஹாகன்-ஸ்மித். கால்டெக்கில் பேராசிரியராக இருந்த டச்சு வேதியியலாளர். அப்போது அவர் செய்துகொண்டிருந்த வேலைக்கும் புகைக்கும் சம்பந்தமே இல்லை. அன்னாசிப்பழத்தின் மணத்துக்கு எந்தெந்த வேதிப்பொருள்கள் காரணம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பழத்தின் ஆவியைக் குளிர்வித்துச் சொட்டுச் சொட்டாகப் பிடிக்கும் கருவி அவரிடம் இருந்தது. அதில் லாஸ் ஏஞ்சலஸின் காற்றை இழுத்துப் பார்த்தார். நாற்றமடிக்கும் பழுப்புத் திரவம் சில சொட்டுகள் சேர்ந்தன. அவற்றைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வண்டிகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வெந்து ஓசோனாகின்றன. கார் கம்பெனிகளும் எண்ணெய் கம்பெனிகளும் அவரை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஓசோனை அளக்க அவர் காட்டிய வழிகளில் ஒன்று வெகு எளிமையானது. ரப்பர் துண்டை வளைத்துக் காற்றில் வைப்பார். ஓசோன் பட்டால் ரப்பரில் வெடிப்பு விழும். வெடிப்பு விழ எத்தனை நிமிடம், எவ்வளவு ஆழம் என்பதுதான் கணக்கு. நகரத்தின் டயர்கள் ஏன் சீக்கிரம் வெடிக்கின்றன என்ற புதிரும் அத்தோடு தீர்ந்தது. 1968-இல் கலிஃபோர்னியா காற்று வள வாரியம் செயல்படத் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான்.

அவருடைய வேதியியலில் பாலைவனத்துக்கு ஒரு பாதகமான பக்கம் உண்டு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. நகரத்தில் இரவானதும் ஓசோன் விறுவிறுவென்று இறங்கிவிடும். அதற்குக் காரணமும் வண்டிப் புகைதான். புதிதாக வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடுகிறது. பாலைவனத்தில் இரவில் வண்டி எங்கே இருக்கிறது? தின்பதற்கு ஆள் இல்லாததால் மாலையில் வந்து சேர்ந்த ஓசோன் இரவெல்லாம் அங்கேயே தங்குகிறது. மாசை உண்டாக்கியவர்களின் இரவுக் காற்றைவிட, ஒரு பாவமும் அறியாத பாலைவனத்தின் இரவுக் காற்றில் ஓசோன் அதிகம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

செவ்வாய்க்கிழமை வேலை

பூங்காவின் வடமேற்கில், யக்கா வேலி ஊருக்குப் பக்கத்தில், பிளாக் ராக் என்ற இடம். அங்கே பத்து மீட்டர் உயரக் கம்பத்தின் மேல் காற்றை உறிஞ்சும் குழாய் ஒன்று இருக்கிறது. கீழே குளிரூட்டிய சிறு அறை. குழாய் வழியே வரும் காற்றின் ஊடே 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியைச் செலுத்துகிறார்கள். ஓசோன் அந்த ஒளியை விழுங்கும். எவ்வளவு ஒளி குறைந்தது என்று பார்த்தால் எவ்வளவு ஓசோன் என்று தெரிந்துவிடும். இது நாள் முழுக்க, தானாக நடக்கும்.

மனிதக் கை படும் வேலை வடிகட்டித் தாள்களில்தான். அதே கம்பத்தில் மூன்று அடுக்கு வடிகட்டி ஒன்று தொங்குகிறது. முதல் அடுக்கு டெஃப்லான், அடுத்தது நைலான், கடைசியாக உப்புக் கரைசலில் நனைத்த தாள். துகள் முதல் அடுக்கிலும், நைட்ரிக் அமிலம் இரண்டாவதிலும், கந்தக டை ஆக்சைடு மூன்றாவதிலும் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமைகளில், ஒருவர் வந்து பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, பழையதைப் பொட்டலம் கட்டி ஆய்வகத்துக்குத் தபாலில் அனுப்புகிறார். கையுறை இல்லாமல் தொட்டுவிட்டால் அந்த வாரம் வீண்.

பார்வைத் தெளிவை அளப்பதற்கென்று இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. ‘இம்ப்ரூவ்’ என்று அதை அழைக்கிறார்கள். அமெரிக்காவின் பூங்காக்களிலும் காப்புக் காடுகளிலும் 1988 முதல் மாதிரி எடுக்கும் வலைப்பின்னல் இது. மூன்று நாளைக்கு ஒருமுறை, நள்ளிரவு முதல் அடுத்த நள்ளிரவு வரை, நான்கு குழாய்கள் நான்கு வடிகட்டிகளின் வழியே காற்றை இழுக்கின்றன. ஒரு குழாய் ஒரு நாளில் இழுப்பது சுமார் 33 கன மீட்டர். காற்று ஓரளவு தெளிவான நாளில் தாளில் சேரும் தூசு சில நூறு மைக்ரோகிராம்; ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. அந்தத் துளித் தூசியை வைத்துக்கொண்டு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வகம் ஊடுகதிரால் சோதித்து, எந்தத் தனிமம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடுகிறது.

பாலைவனத்தில் இந்தப் பிரிப்பு ரொம்ப முக்கியம். ஏனென்றால் பாலைவனத்துக்குச் சொந்தத் தூசி உண்டு. காற்றடித்தால் மண் பறக்கும், அது இயற்கை. ஆகவே மூட்டம் என்றதும் நகரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. வடிகட்டியில் சிலிக்கான், அலுமினியம், கால்சியம், இரும்பு தெரிந்தால் அது மண். கந்தகம் இருந்தால் நிலக்கரி அல்லது எண்ணெய் எரிந்திருக்கிறது. பொட்டாசியம் விறகுப் புகையைக் காட்டிக்கொடுக்கும். வனேடியமும் நிக்கலும் கப்பல்களின் கரி எண்ணெய்க்கே உரிய கைரேகை. கலிஃபோர்னியா 2009 முதல் கரையோரக் கப்பல்களுக்குத் தூய்மையான எரிபொருளைக் கட்டாயமாக்கிய பிறகு, கடற்கரைப் பக்கத்து நிலையங்களின் வடிகட்டிகளில் வனேடியம் சரிந்தது. ஒரு சட்டம் வேலை செய்கிறதா என்பதை அமைச்சரின் அறிக்கையைவிட ஒரு தாள் துல்லியமாகச் சொல்லிவிட்டது.

சொந்தத் தூசியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பூங்காவின் கீஸ் வியூ மேட்டில் நின்று தெற்கே பார்த்தால், பள்ளத்தாக்கின் கடைசியில் சால்டன் கடல் மின்னும். 1905-இல் கொலராடோ ஆற்றின் வாய்க்கால் உடைந்து உண்டான உப்பு ஏரி அது. வயல்களின் வடிநீர்தான் அதற்கு வாழ்வு. விவசாயத் தண்ணீரின் ஒரு பகுதி 2003 ஒப்பந்தத்தின்படி நகரங்களுக்குத் திருப்பிவிடப்பட்டது. ஏரிக்கென்று ஈடாக விட்டுவந்த தண்ணீரும் 2017-ஓடு நின்றது. கரை பின்வாங்க, பல்லாண்டு காலப் பூச்சிமருந்தும் உரமும் படிந்த சேறு காய்ந்து பொடியாகிப் பறக்கிறது. அதை இயற்கைத் தூசி என்பதா, மனிதர் கிளப்பிய தூசி என்பதா? அரசு நிலையங்கள் தொலைவில் இருக்கின்றன என்று அங்கே மக்களே அளக்கத் தொடங்கிவிட்டார்கள். டோரஸ் மார்டினெஸ் பழங்குடியினர் சொந்தமாகக் காற்றுக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். இம்பீரியல் பள்ளத்தாக்கில் ஒரு மக்கள் அமைப்பு மலிவு விலைக் கருவிகளை நாற்பது இடங்களில் பொருத்தியது. ஆஸ்துமாவோடு குழந்தைகளை வளர்ப்பவர்களுக்கு மூன்று நாளைக்கு ஒரு தாள் போதாது. இப்போது, இந்த நிமிடம், ஜன்னலைத் திறக்கலாமா கூடாதா என்று தெரிந்தாக வேண்டும்.

கையும் களவுமாக

அளப்பது ஒரு வேலை; அளவில் தெரிந்த மாசுக்கு யார் பொறுப்பு என்று நிறுவுவது அதைவிடப் பெரிய வேலை. இதற்கு மறக்க முடியாத உதாரணம், ஜோஷுவா ட்ரீக்கு வடகிழக்கே அரிசோனாவில் உள்ள கிராண்ட் கேன்யன்.

1977-இல் அமெரிக்கா தன் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, 156 பூங்காக்களிலும் காடுகளிலும் பார்வைத் தெளிவைக் காப்பது அரசின் கடமை என்று எழுதியது. உடல்நலத்துக்காக அல்ல, கண்ணுக்கு இயற்கை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு சட்டம்! மாசு இல்லாவிட்டால் அமெரிக்க மேற்கில் சுமார் 225 கிலோமீட்டர் தூரம் தெரிய வேண்டும் என்று கணக்கு. ஆனால் குளிர்காலத்தில் கிராண்ட் கேன்யன் பள்ளத்துக்குள் வெண்மூட்டம் தேங்கி, எதிர்ச்சுவரே மங்கிப்போகும் நாட்கள் வந்தன. பூங்கா எல்லையிலிருந்து 30 கிலோமீட்டருக்குள், பேஜ் ஊருக்குப் பக்கத்தில், 2,250 மெகாவாட் நவாஹோ அனல் மின் நிலையம் நின்றது. எல்லோருக்கும் சந்தேகம் அதன் மேல்தான். சந்தேகத்தை வைத்து என்ன செய்ய முடியும்? கந்தக டை ஆக்சைடு நிறமில்லாத வாயு. புகைபோக்கியிலிருந்து வரும்போது கண்ணுக்குத் தெரியாது. வழியில் மேகத்தின் ஈரத்தில் கரைந்து சல்ஃபேட் துகளாகிப் பள்ளத்தில் இறங்கும்போதுதான் மூட்டமாகத் தெரியும். அதற்குள் எந்தப் புகைபோக்கியின் பிள்ளை என்று சொல்ல முடியாது.

1987 தொடக்கத்தில் ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜனால் ஆன மீத்தேன் வாயுவை அந்த நிலையத்தின் புகையோடு கலந்துவிட்டார்கள். இயற்கையில் அது கிட்டத்தட்டக் கிடையாது. அதனால் எங்கே பிடிபட்டாலும் ‘நான் நவாஹோ நிலையத்திலிருந்து வருகிறேன்’ என்று அதுவே வாக்குமூலம் கொடுத்துவிடும். பள்ளத்தின் தென்விளிம்பில் வைத்த கருவியில் அது அகப்பட்டது. மூட்டத்தில் சராசரியாக 40 சதவீதத்துக்கு இந்த நிலையமே காரணம் என்றது பூங்காத் துறை. தேசிய ஆய்வுக் கவுன்சில் 1990-இல் இதைத் தட்டிப் பார்த்து, அந்தச் சதவீதத்தை உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சில நாட்களின் மூட்டத்தில் நிலையத்துக்குக் கணிசமான பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை என்றது. 1991-இல் கந்தகத்தில் 90 சதவீதத்தைக் குறைக்க உத்தரவு. 1999-க்குள் சுமார் 42 கோடி டாலர் செலவில் சுத்திகரிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன.

இந்தக் கதையின் வேடிக்கை இதுதான்: அந்த மின் நிலையத்தில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்க அரசுக்குச் சொந்தம். அரிசோனா நகரங்களுக்குக் கொலராடோ ஆற்று நீரை ஏற்றும் பம்புகளுக்காக, உள்துறையின் நீர்ப்பாசனப் பிரிவு அந்தப் பங்கை வைத்திருந்தது. தேசியப் பூங்காக்களும் அதே உள்துறையின் கீழ்தான். ஒரே துறையின் ஒரு கை அழுக்காக்க, மறு கை அளந்துகொண்டிருந்தது.

நிலையம் 2019 நவம்பரில் மூடப்பட்டது. மறு ஆண்டு டிசம்பரில் அதன் மூன்று புகைபோக்கிகளையும் வெடிவைத்துச் சாய்த்தார்கள். மூடியது சட்டமல்ல, மலிவான இயற்கை எரிவாயு. நிலையத்துக்கு நிலக்கரி தந்த சுரங்கத்திலும் நிலையத்திலும் வேலை பார்த்த நவாஹோ, ஹோப்பி பழங்குடிக் குடும்பங்களின் வருமானம் போனது தனிக்கதை. அதற்கு முன் 2005 முடிவில் மூடப்பட்ட மொஹாவி அனல் மின் நிலையத்தின் கதை இன்னும் குழப்பமானது. அது மூடிய பிறகும் கிராண்ட் கேன்யனில் தெளிவு கூடியதாகப் புள்ளிவிவரத்தில் பிடிபடவில்லை என்று ஓர் ஆய்வு வந்தது. அதற்கு மறுப்பும் வந்தது. ஒரு புகைபோக்கி என்றால் அதற்குள் அடையாள வாயுவைவிட்டுப் பிடிக்கலாம். லட்சக்கணக்கான லாரிகளுக்குள் எதை விடுவது? ஜோஷுவா ட்ரீயின் பிரச்னை கிராண்ட் கேன்யனைவிடக் கடினமாக இருப்பது இதனால்தான்.

உரம் போடாமலே விளையும் புல்

ஓசோனால் பாலைவனச் செடிகளுக்கு என்ன ஆகிறது? எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே. இலைத் துளைகள் திறந்திருந்தால்தான் ஓசோன் உள்ளே போகும். கொளுத்தும் பகலில் பெரும்பாலான பாலைவனச் செடிகள் நீரை மிச்சம் பிடிக்கத் துளைகளை மூடிக்கொள்கின்றன. சிக்கனமே அவற்றுக்குக் கவசம். ஓடைப் படுகைகளில் ஓரளவு ஈரம் கண்டு வளரும் ஸ்கங்க்புஷ் போன்ற புதர்கள்தான் மாட்டிக்கொள்கின்றன. இலையில் புள்ளி விழுகிறதா என்று பார்ப்பதற்காகவே அதை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்திருக்கிறார்கள்.

உண்மையான சேதம் வேறு வழியில் வருகிறது. காற்றில் வரும் நைட்ரஜன் ஆக்சைடும் அமோனியாவும் மெல்ல மெல்ல மண்ணில் படிகின்றன. விவசாயி யூரியா போட்டால் பயிர் விளையும். பாலைவன மண்ணில் இந்த உரம் விழுந்தால் விளைவது புல். அதிலும் ஐரோப்பாவிலிருந்து வந்த சிவப்பு புரோம் போன்ற சீமைப்புல். பாலைவனத்தில் ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவே வெறும் தரை இருக்கும். ஒரு புதரில் மின்னல் விழுந்தால் அந்தப் புதரோடு தீ அணையும். அந்த வெறும் தரையைச் சீமைப்புல் நிரப்பிவிட்டால், மழைக்குப் பின் செழித்து, வெயிலில் காய்ந்து, ஒரு புதரிலிருந்து இன்னொன்றுக்குத் தீயைக் கடத்தும் திரியாகிவிடுகிறது. ரிவர்சைடில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சூழலியலாளர் ஈடித் ஆலனும் அவர் குழுவினரும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு மூன்று, நான்கு கிலோ நைட்ரஜன் விழுந்தாலே தீ அபாயம் ஏறத் தொடங்கும் என்பது அவர்கள் கணக்கு. நம் வயலில் ஒரு ஏக்கருக்குப் போடும் யூரியாவோடு ஒப்பிட்டால் கைப்பிடி அளவுதான். பூங்காவின் மேற்கு ஓரம், நகரப் பக்கம், அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது.

1999-இல் பூங்காவுக்குள் ஒரு தீ சுமார் 14,000 ஏக்கரைத் தின்றது. வடகிழக்கே மொஹாவி தேசியக் காப்பகத்தில் 2020 ஆகஸ்டில் மின்னல் மூட்டிய சீமா டோம் தீ, சுமார் 13 லட்சம் ஜோஷுவா மரங்களைக் கொன்றதாக மதிப்பிட்டார்கள். (அந்த இடத்துப் புல்லுக்கு மாடு மேய்த்த பழைய வரலாறு உள்பட வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் லாஸ் ஏஞ்சலஸின் தலையில் கட்ட வேண்டாம்.) ஜோஷுவா மரம் வருடத்துக்கு ஒன்றிரண்டு அங்குலம் வளரும் ஜாதி. ஒரே ஒரு வகை அந்துப்பூச்சியை நம்பிக் காய்க்கும் மரம். எரிந்த காட்டில் முதலில் முளைப்பது அதுவல்ல, மறுபடியும் சீமைப்புல்தான்.

யாரிடம் முறையிடுவது?

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1980களோடு ஒப்பிட்டால் தெற்குக் கலிஃபோர்னியாவின் காற்று எவ்வளவோ தேறியிருக்கிறது. கார்களுக்கும் எரிபொருளுக்கும் கொண்டுவந்த விதிகள் பலித்தன. கீஸ் வியூவிலிருந்து தெரியும் காட்சியும் 2000-க்குப் பிறகு தெளிந்துதான் வந்திருக்கிறது. ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஓசோன் இறங்க மறுக்கிறது. எளிதாகக் குறைக்க முடிந்ததைக் குறைத்தாகிவிட்டது. மிஞ்சியவை கப்பல், ரயில் எஞ்சின், விமானம், மாநிலம் விட்டு மாநிலம் போகும் லாரி. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்துக்கான தென்கடற்கரைக் காற்று வாரியத்தைக் கேட்டால், இவையெல்லாம் மத்திய அரசின் கையில் என்று சொல்லும். மத்திய அரசு மாநிலத்தின் திட்டம் போதாது என்று சொல்லும். 2021-இல் வாரியம் பெரிய குடோன்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது நல்ல தொடக்கம். லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரம் இப்போதைய ஓசோன் வரம்பை எட்ட வேண்டிய கெடு 2038. முந்தைய கெடுக்களில் தவறவிட்டவை உண்டு என்பதால், இந்தத் தேதியைப் பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது.

பூங்கா நிர்வாகத்துக்கு இதில் என்ன அதிகாரம்? எல்லைக்கு வெளியே ஒரு லாரியைக்கூட நிறுத்த முடியாது. கருத்துக் கேட்பில் கருத்துச் சொல்லலாம், அளவுகளை வெளியிடலாம். அளப்பவருக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவருக்கு அவசரம் இல்லை. ஆக, பாலைவனத்தின் கையில் உள்ள ஒரே ஆயுதம் அந்த அளவுகள்தான்.

அதற்கும் ஆபத்து வந்தது. 2025 மார்ச்சில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பூங்காக்களின் பார்வைத் தெளிவுக்கான விதிகளை மாற்றியமைக்கப் போவதாக அறிவித்தது. இரண்டே மாதத்தில், தேசியப் பூங்காக்களில் காற்றை அளக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கு வேலையை நிறுத்தச் சொல்லி ஆணை போனது. செய்தி பத்திரிகையில் வந்ததும் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். ஒருவேளை அந்த அளவுப் பணி நின்றிருந்தால் ஒரு புகைபோக்கிகூடக் கூடுதலாகப் புகைந்திருக்காது. ஆனால் எவன் புகைத்தான் என்று கேட்க ஆதாரமும் இருந்திருக்காது. முப்பது வருடத் தொடர் பதிவில் ஒரு வருடம் ஓட்டை விழுந்தால், பிறகு எத்தனை கோடி டாலர் கொடுத்தாலும் அந்த வருடத்துக் காற்றைத் திரும்ப அளக்க முடியாது. நிறுத்தச் சொன்னவர்களுக்கு இது தெரியாமல் இல்லை என்றே நினைக்கிறேன்.

கலிஃபோர்னியாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தமிழ்க் குடும்பங்களின் சுற்றுலாப் பட்டியலில் ஜோஷுவா ட்ரீயும் இப்போது இருக்கிறது. கட்டாயம் போங்கள். முடிந்தால் நவம்பர் முதல் ஏப்ரலுக்குள் போங்கள். வெயிலும் குறைவு, ஓசோனும் குறைவு. கோடையில்தான் நேரம் வாய்க்கிறது என்றால், கிளம்புமுன் ‘ஏர்நவ்’ தளத்தில் அன்றைய ஓசோன் அளவைப் பார்த்துவிடுங்கள். நடைப்பயணத்தைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள், மாலைதான் மோசம். ஆஸ்துமா உள்ளவர்கள் பாலைவனம்தானே, நல்ல காற்றுதானே என்று இன்ஹேலரை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.